டிஸ்க் போச்சு என்று கைவிரித்ததை மீட்டுக் கொடுத்த ரிச்சி தெரு மாடிக் கடை: நாலு ஸ்டார்

சென்னை ரிச்சி தெருவில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்டுக் கொடுக்கும் கடை இது. முதலில் யாருக்கு இந்தக் கடை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் கைதவறி டெலீட் ஆகிவிட்டது, மெமரி கார்டு ஃபார்மட் ஆகிவிட்டது, அவ்வளவுதான் பிரச்சினை என்றால் இவ்வளவு படி ஏற வேண்டாம், கீழே தெருவிலேயே இதில் கால்வாசிக் காசுக்கு முடித்துக் கொடுப்பார்கள். ஆனால் டிஸ்க் சுழல்கிறது, கம்ப்யூட்டரும் அதைக் காட்டுகிறது, ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் அப்படியே தொங்கி நிற்கிறது, காலையில் வந்த ஃபைல் மதியம் வரவில்லை, மதியம் வராதது ராத்திரி வருகிறது என்கிற மாதிரியான குழப்படி என்றால் நேராக இங்கே போங்கள். நடுவில் வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

என் மச்சான் கோடம்பாக்கத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பவன். 2 டிபி டிஸ்க் ஒன்றை வெளிப்பெட்டியில் போட்டு மண்டபம் மண்டபமாகத் தூக்கிக்கொண்டு போவான். தை, மாசி முகூர்த்தம் மொத்தமும் அதில்தான் இருந்தது. சில பார்ட்டிகளுக்கு ஆல்பம் போய்விட்டது, சிலருக்குப் பாதி வேலை, சிலருக்கு இன்னும் போட்டோ செலக்‌ஷனே ஆகவில்லை. அந்த நேரத்தில்தான் டிஸ்க் மேலே சொன்ன சேட்டையை ஆரம்பித்தது. முதலில் வேறொரு கடையில் கொடுத்தான். அவர்கள் ராத்திரி முழுக்க ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓடவிட்டு, காலையில் “டிஸ்க் போயிடுச்சு ப்ரோ, போர்டு மாத்திப் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். போர்டு என்றால் டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகை. அந்த “போர்டு மாத்தி”யைக் கேட்டதும்தான் எனக்குத் திக்கென்றது, வாங்கிக்கொண்டு வா என்றேன்.

இந்தக் கடையில் கவுண்டரில் இருப்பவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. டிஸ்க்கை வாங்கியதும் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பார் என்று நினைத்தேன், செருகவில்லை. “கடைசியா எப்ப பவர் கொடுத்தீங்க தம்பி? எவ்வளவு நேரம் ஓடிச்சு? டிக் டிக்னு சத்தம் வந்துச்சா?” இவ்வளவுதான் கேட்டார். ராத்திரி முழுக்க ஓடியது என்றதும் முகம் மாறியது, ஆனால் அந்தக் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதே தெருவில் பிழைக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் திட்டாமல் இருப்பது அபூர்வம்.

உள்ளே அவர்களிடம் இருப்பது சாதாரண சாஃப்ட்வேர் இல்லை. டிஸ்க்கின் ஃபர்ம்வேரோடு, அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளோடு, நேரடியாகப் பேசும் தனிக் கார்டும் அதற்கான மென்பொருளும், இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிசி-3000. முதல் வேலையாக டிஸ்க்கின் ரோம் (ROM) சிப்பையும், பிளாட்டரிலேயே, அதாவது டேட்டா பதியும் சுழலும் தட்டிலேயே, ஒளித்து வைத்திருக்கும் ஃபர்ம்வேர் பகுதியையும் காப்பி எடுத்து வைத்தார்கள். அடுத்து, டிஸ்க் தானாகவே பின்னணியில் செய்துகொண்டிருக்கும் சுய பரிசோதனை, கெட்ட செக்டாருக்கு (தட்டில் டேட்டா இருக்கும் சின்னத் துண்டு) மாற்று இடம் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நோயாளியை முதலில் சும்மா இருக்க விடுவதுதான் வைத்தியம் போலிருக்கிறது. அப்புறம் ஆங்காங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஒரு வரைபடம் காட்டினார். சின்னச் சின்னச் சதுரங்கள், பச்சை என்றால் படிக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. சிவப்பு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பட்டை பட்டையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டு வந்துகொண்டே இருந்தது.

“கீறல்னா ஒரு பக்கமா கும்பலா இருக்கும் சார். இது வரிசையா வருது பாருங்க, நாலு ஹெட்ல ஒண்ணு படுத்துது” என்றார். ஹெட் என்றால் தட்டின் மேல் நகர்ந்து படிக்கவும் எழுதவும் செய்யும் முனை. அதோடு விடாமல் சிவப்பான ஒரு செக்டாரை எடுத்து மறுபடி மறுபடி படித்துக் காட்டினார். முதல் தடவை பிழை, அடுத்த தடவை சரியாக வந்தது, அதற்கடுத்து மறுபடி பிழை. செத்த ஹெட் இப்படிச் செய்யாது, அது எப்போதும் பிழைதான் தரும். இது நிலையில்லாத ஹெட். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண், அதாவது தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததை மச்சான் ஏற்கெனவே பார்த்து “மாமா, தானா சரியாகுது போல” என்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தான். சரியாகவில்லை, ஹெட் தள்ளாடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன். நான் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவன், பிடித்த விஷயம் கையில் மாட்டியிருக்கிறது. காசு விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் கீழே தாவிக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் எழுத ஒரு பாகம், படிக்க ஒரு பாகம், இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரே சில்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எழுதுவது குட்டி மின்காந்தம், அதில் பெரிய மர்மம் இல்லை. படிப்பதுதான் நோஞ்சான். காந்தப் புலம் பட்டால் மின்தடை மாறும் சென்சார் அது. இதில் பெரிய பாய்ச்சல் 1988ல் ஆல்பெர் ஃபெர், பீட்டர் குருன்பெர்க் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ராட்சத காந்த மின்தடை. 1997லேயே ஐபிஎம் அதை வைத்து 16.8 ஜிபி டிஸ்க் விற்றது. நோபல் பரிசு வந்தது 2007ல்தான், அதற்குள் தொழிற்சாலைகள் அதையும் தாண்டி டிஎம்ஆர் (டனலிங் காந்த மின்தடை) என்கிற அடுத்த தலைமுறைக்கு நகர ஆரம்பித்துவிட்டன. இன்றைக்கு நம் வீட்டு டிஸ்க்கில் இருப்பது அதுதான். இரண்டு காந்தப் படலங்கள், நடுவில் ஒரு நானோமீட்டர் வாக்கில் மெக்னீசியம் ஆக்சைடு. ஒரு படலத்தின் காந்த திசை எது நடந்தாலும் அசையக் கூடாது. இன்னொன்று பிளாட்டரில் உள்ள ஒவ்வொரு பிட்டுக்கும் அசைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் மாறும்போது மின்தடை மாறும், அதைத்தான் டிஸ்க் ஒன்று, பூஜ்யம் என்று படிக்கிறது.

அசையக் கூடாத படலத்தை எப்படிக் கட்டிப்போடுவது? இரிடியம்-மாங்கனீசு மாதிரி ஒரு ஆன்டிஃபெரோ காந்தப் பொருளை அதன் மேல் ஒட்ட வைப்பார்கள். அதற்குள்ளே அணுக்களின் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால் வெளிப்புலம் எதற்கும் அது மசியாது, ஒட்டியிருக்கும் படலத்தையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிடும். அது மட்டும் போதாது என்று அந்தப் படலத்தையே இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவாக ருத்தேனியம் வைப்பார்கள். இந்தத் தடிமன் சரியாக அமைந்தால் இரண்டு பாதியும் எதிரெதிர்த் திசையில் பூட்டிக்கொள்ளும், ஒன்றின் புலத்தை மற்றது ரத்து செய்துவிடும், பக்கத்தில் இருக்கும் அசையும் படலத்துக்குத் தொந்தரவு குறையும். எனக்கு இந்த ருத்தேனியம் விஷயம் எப்போது படித்தாலும் அலுக்காது. தடிமனைக் கொஞ்சம் மாற்றினால் அதே இரண்டு பாதியும் ஒரே திசைக்குத் திரும்பிவிடும்.

அசையும் படலத்தின் சிக்கல் வேறு மாதிரி. அதைச் சும்மா விட்டால் உள்ளுக்குள் பல காந்தப் பகுதிகளாகப் பிரிந்துகொள்ளும். அந்தப் பகுதிகளின் எல்லை நழுவாமல், விட்டு விட்டுத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் சிக்னல் படக்கென்று ஏறும் அல்லது இறங்கும், பார்க்ஹவுசன் இரைச்சல் என்பது இதுதான். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் கோபால்ட்-பிளாட்டினம் கலவையில் நிலைக்காந்தம் வைத்து, படலம் முழுவதும் ஒரே பகுதியாக இருக்கும்படி ஒரு மெல்லிய அழுத்தம் கொடுப்பார்கள். இதுதான் கத்திமேல் நடப்பது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துப் போகிற மாதிரி, ரொம்ப இறுக்கினால் அது எதையும் திரும்பிப் பார்க்காது, தளர்த்தினால் ஓடிவிடும். பக்கவாட்டுக் காந்தம் பலமாக இருந்தால் சென்சார் நிலையாக நிற்கும், ஆனால் பிட்டுக்கு அசையாது, சிக்னல் சிறுத்துவிடும். பலவீனமாக இருந்தால் சிக்னல் பெரிதாக வரும், கூடவே தாவலும் வரும். சென்சார் சின்னதாக ஆக ஆக அறை வெப்பமே அந்தக் காந்த திசையை நடுங்க வைக்கிறது, அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும்.

சரி, ஓடிக்கொண்டிருந்த ஹெட் ஏன் கெடுகிறது? ஒன்று, பக்கத்திலேயே இருக்கும் எழுதும் பாகம். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அதன் புலம் சென்சாரை ஓர் உலுக்கு உலுக்கும், விளிம்பில் நிற்கும் சென்சார் என்றால் எழுதி முடித்ததும் வேறொரு நிலையில் போய் உட்கார்ந்துவிடும், பாப்கார்ன் இரைச்சல் என்று பெயரே உண்டு. இன்னொன்று, பிளாட்டரில் ஒரு சின்ன மேடு அல்லது தூசியில் ஹெட் உரசுவது. ஹெட்டுக்கும் பிளாட்டருக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு நானோமீட்டர்தான், உரசினால் அந்த இடம் சட்டென்று சூடாகி சிக்னலின் அடித்தளமே தூக்கியடிக்கும். மூன்றாவது ஸ்டேடிக். நம் விரலில் சுருக்கென்று உணர்கிற பொறிக்கே சில ஆயிரம் வோல்ட் வேண்டும், இந்தச் சென்சாருக்கு அதில் மிகச் சிறிய பங்கு போதும். சென்னை வேர்வையில் ஸ்டேடிக் எங்கே வரப்போகிறது என்று தோன்றும், ஆனால் டிஸ்க்கைத் திறப்பது ஏசி அறையில், அங்கே காற்று காய்ந்து கிடக்கும். மச்சானின் டிஸ்க்குக்கு இதில் எது ஆயிற்று என்று கடைக்காரர் அடித்துச் சொல்லவில்லை, பையில் வைத்து பைக்கில் தூக்கிப் போனதால் உரசியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. சென்சாரை நிலைப்படுத்துவது தொழிற்சாலையில், சில்லாக வெட்டும் முன்பே, பலமான காந்தப் புலத்தில் வைத்துச் சூடாக்கி முடிக்கிற வேலை. ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எந்தத் தெருவிலும் ஹெட்டை யாரும் ரிப்பேர் செய்ய முடியாது. ஒன்று, அந்த ஹெட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். இந்தக் கடைக்காரர் அதை முதல் நாளே நேராகச் சொன்னார். “அந்த ஹெட்டை நம்மால சரி பண்ண முடியாது சார். மத்த மூணையும் முதல்ல காப்பாத்திக்கலாம்.”

போர்டு மாற்றுகிற கதையையும் கேட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒவ்வொரு ஹெட்டுக்கும் எவ்வளவு மின்னோட்டம் கொடுப்பது, உயரத்தைச் சரிசெய்யும் குட்டி ஹீட்டருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தனித்தனி அளவு தொழிற்சாலையிலேயே எழுதியிருக்கும். அதில் ஒரு பகுதி போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்பில் உள்ளதைப் புது போர்டுக்கு மாற்றாமல் வேறு டிஸ்க்கின் போர்டைப் போட்டால் பெரும்பாலான புது டிஸ்க்குகள் எழுந்திருக்கவே மாட்டா. ஹெட் தள்ளாடுகிற டிஸ்க்குக்கு போர்டு மாற்றுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி அவர்கள் செய்த வேலை. மென்பொருளில் அந்தக் கெட்ட ஹெட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற மூன்று ஹெட்டுக்கு உரிய செக்டார்களை முதலில் நல்ல டிஸ்க் ஒன்றுக்கு காப்பி எடுத்தார்கள். இது வேகமாகவே போயிற்று. அப்புறம் கெட்ட ஹெட். மேலே ஒரு சின்ன ஃபேனை வைத்து, ஒரு செக்டாருக்கு மிகக் குறைந்த நேரம் மட்டும் காத்திருந்து, வரவில்லையா, விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவி, மறுசுற்றில் விட்டதை மட்டும் கேட்டு, இப்படிப் பல சுற்று. சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒரு செக்டார் வரவில்லை என்றதும் டிஸ்க் அதே இடத்தில் நின்று முட்டி மோதும், விண்டோஸும் கூடவே மறுபடி மறுபடி கேட்கும். அந்த முதல் கடையில் ராத்திரி முழுக்க நடந்தது அதுதான்.

போட்டோக்கள் பெரும்பாலும் முழுதாக வந்துவிட்டன. வீடியோ வரவில்லை. இதற்குக் காரணம் கேட்டதில்தான் எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது. டிஸ்க் ஒரு பிளாட்டர் பக்கத்தை முழுவதும் எழுதி முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. ஒரு ஹெட்டில் கொஞ்சம், அடுத்த ஹெட்டில் கொஞ்சம் என்று மாறி மாறித்தான் எழுதுகிறது. சின்ன ஃபைல் ஒரே ஹெட்டில் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். பல ஜிபி வீடியோ நாலு ஹெட்டிலும் போய் விழுந்திருக்கும், அதில் ஒரு ஹெட் தள்ளாடினால் முகூர்த்த வீடியோவில் கெட்டிமேளத்துக்கு நடுவில் ஓட்டை. மச்சான் அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

வீடியோ வேண்டும் என்றால் ஹெட் மாற்ற வேண்டும். அதே மாடல், முடிந்தவரை அதே தயாரிப்புக் காலத்து டோனர் டிஸ்க், அதாவது ஹெட்டைக் கழற்றிக் கொடுக்க ஒரு நல்ல டிஸ்க் ஒன்றை அவர்களே தேடிப் பிடித்தார்கள். கடையின் பெயர்ப் பலகையில் பெரிய எழுத்தில் “கிளீன் ரூம்”, அதாவது தூசியில்லா அறை, என்று போட்டிருக்கிறார்கள், உள்ளே இருப்பது கிளீன் ரூம் இல்லை, வடிகட்டிய காற்று ஒரே சீராக அடிக்கும் கண்ணாடிப் பெட்டி மேஜை. இந்த வேலைக்கு அது போதும், பலரும் அதில்தான் செய்கிறார்கள், ஆனாலும் பெயரைச் சரியாகப் போடலாம். கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஹெட் அசெம்ப்ளி. ஹெட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் நடுவில் பிளாஸ்டிக் சீப்பு ஒன்றைச் செருகிய பிறகுதான் வெளியே எடுத்தார். பழைய அசெம்ப்ளியை எடுத்து வைத்து, புதியதைத் தண்டில் உட்கார வைத்து, சீப்பைப் பிளாட்டரின் ஓரமாக நகர்த்தி எடுக்கும்வரை அவர் பக்கத்தில் நின்ற பையன்கூட மூச்சுவிடவில்லை. செய்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, வேலை முடிந்ததும் முதலில் போய் ஏசி ரிமோட்டைத் தேடினார்.

மாற்றிய ஹெட்டும் நிரந்தரம் இல்லை. வேறு டிஸ்க்குக்கு அளவெடுத்த ஹெட் இது, வேலை முடியும்வரை தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. ஏற்கெனவே வந்தது தவிர விட்டுப்போன செக்டார்களை மட்டும் அதை வைத்துப் படித்தார்கள். ஏறக்குறைய எல்லா வீடியோவும் ஓடுகிறது. ஒரு ரிசப்ஷன் வீடியோவில் மட்டும் சில நொடிகள் கட்டம் கட்டமாக உடைகிறது, நல்லவேளை அது பஃபே வரிசை.

காசு. பார்த்துச் சொல்ல ஒரு சின்னத் தொகை, அது கடைசி பில்லில் கழிந்துவிடும். முதல் கட்டம் பத்தாயிரத்தை ஒட்டி, ஹெட் மாற்றும் கட்டம் அதைவிடக் கூடுதல், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மலிவு இல்லை. பெரிய நிறுவனங்கள் ஃபோனில் சொன்ன தொகையோடு வைத்துப் பார்த்தால் குறைவு, கீழ்த்தளக் கடைகளோடு வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். “டேட்டா வரலேன்னா காசு வேணாம்” என்பது உண்மைதான், ஆனால் டோனர் டிஸ்க்கின் விலை அதில் சேராது, வேலை நடக்காவிட்டாலும் அது திரும்ப வராது. இதை அவர்கள் வாயால் சொல்வதில்லை, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. நானாகப் புரட்டிப் பார்த்துக் கேட்டேன், கேட்டதும் மழுப்பாமல் ஒத்துக்கொண்டார். ஐந்தாவது ஸ்டார் போனது இங்கேதான்.

மற்றபடி சில்லறைக் குறைகள். அவர்களாக ஃபோன் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும், மதியத்துக்கு முன்னால் செய்தால் எடுக்கிறார்கள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல். படியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். மீட்ட டேட்டாவைக் கொடுக்க புது டிஸ்க் நாமே வாங்கித் தரலாம், அவர்களிடமே வாங்கினால் வெளியே கிடைப்பதைவிடக் கொஞ்சம் ஏற்றித்தான் போடுகிறார்கள்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் பற்றியும் பேச்சு வந்தது. 2015லும் 2023 மிக்ஜாமிலும் நிறைய வந்ததாம். வருகிறவர்கள் பாதிப் பேர் வெயிலில் காயவைத்து, ஹேர் டிரையர் அடித்து, ஒருதடவை பவர் கொடுத்தும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். காய்ந்தால் சேறும் உப்பும் பிளாட்டரில் ஒட்டிக்கொள்ளும், நனைந்தபடியே பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவர வேண்டும், பவர் கொடுக்கவே கூடாது. மழைக்காலம் வருகிறது, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் போகாதீர்கள், மவுண்ட் ரோடு பக்கமிருந்து தெருவுக்குள் திரும்பவே பொறுமை வேண்டும், நிறுத்த இடமும் கிடையாது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் கவுண்டரில் நிதானமாகப் பேசவே முடியாது, வார நாளில் கடை திறந்ததும் போனால் அந்த வரைபடத்தை உங்களுக்கும் உட்கார வைத்துக் காட்டுவார். டிஸ்க்கைக் கொடுக்கும்போது டோனர் தொகை எவ்வளவு, வேலை நடக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மட்டும் ரசீதின் முன்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.